பள்ளிக்குப் பட்ஜெட் வெட்டு, மேலதிகாரிக்குச் சம்பள உயர்வா? கலிபோர்னியாத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலிபோர்னியாவில் பிப்ரவரி பிறந்துவிட்டால், ஒவ்வொரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகளில் லே-ஆஃப் (ஆட்குறைப்பு) பேச்சு தொடங்கிவிடும். அடுத்த கல்வியாண்டில் வேலை இல்லாமல் போகலாம் என்று நிரந்தர ஆசிரியர்களுக்கு மார்ச் 15க்குள் கடிதம் கொடுக்க வேண்டும், மே 15க்குள் அதை உறுதி செய்ய வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அந்தச் சமயத்தில்தான் டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட்டின் சம்பளப் பட்டியலும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். நண்பர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வருடாவருடம் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். இங்கே சொல்லியிருப்பதெல்லாம் கலிபோர்னியாவுக்கு மட்டும். வேறு மாநிலத்துக்கு வேறு விதி.

சூப்பரின்டென்டென்ட்னா யாரு? நம்ம ஊர் மாவட்டக் கல்வி அதிகாரி மாதிரியா?

வேலை ஓரளவு அப்படித்தான், நியமனம் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் மாவட்டக் கல்வி அலுவலர் அரசு ஊழியர். அவருடைய சம்பளம் அரசு வகுத்த ஊதிய நிலையில் இருக்கும், மாற்றலும் அரசு கையில். இங்கே ஒவ்வொரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டும் தனி அமைப்பு. கலிபோர்னியாவில் அப்படித் தொள்ளாயிரத்துக்கும் மேல் உண்டு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் போர்டு, ஒரு சூப்பரின்டென்டென்ட்டை அதிகபட்சம் 4 ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுக்கிறது. அவருக்கு மாநில அரசு ஊதிய நிலை என்று எதுவும் கிடையாது. பேரம் பேசி எழுதிக்கொள்வதுதான் சம்பளம்.

அதனால்தான் பக்கத்துப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டுகளில்கூட இரண்டு சூப்பரின்டென்டென்ட்டுகளுக்கு இடையே ஒரு லட்சம் டாலர் வித்தியாசம் வரலாம்.

வீட்டு வரி இவ்வளவு கட்டறோம், அப்புறம் எப்படிங்க ஸ்கூலுக்குப் பணம் இல்லாம போகும்?

நீங்கள் கட்டும் சொத்து வரி கூடினால் உங்கள் பள்ளிக்கு அந்த அளவு பணம் கூடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளில் அப்படி நடப்பதில்லை. 2013இல் வந்த நிதிப் பங்கீட்டு முறைப்படி, பிள்ளைகளின் சராசரி தினசரி வருகையை வைத்து ஒரு டிஸ்ட்ரிக்ட்டுக்கு இவ்வளவு என்று மாநிலம் கணக்கிடுகிறது. உள்ளூர் சொத்து வரியை முதலில் அதில் கழித்துக்கொண்டு, மீதியை மாநிலம் தருகிறது. உள்ளூர் வரி கூடினால் மாநிலத்தின் பங்கு குறையும், அவ்வளவுதான். உள்ளூர் வரியே அந்தக் கணக்கைத் தாண்டிவிடும் பாலோ ஆல்டோ போன்ற சில டிஸ்ட்ரிக்ட்டுகள் மட்டும் உபரியைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன.

ஆகவே பிள்ளைகள் குறைந்தால் பணம் குறைகிறது. வீட்டு விலை தாங்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறுகின்றன, பிறப்பு விகிதமும் இறங்கியிருக்கிறது. கோவிட் காலத்தில் நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 19,000 கோடி டாலர் மத்திய நிதி வந்தது. அதன் கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்கி முடிக்க வேண்டிய கெடு 2024 செப்டம்பர் 30. அந்தப் பணத்தில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுத்த டிஸ்ட்ரிக்ட்டுகள் இப்போது தடுமாறுகின்றன.

அவர் சம்பளம் எவ்வளவுன்னு எங்க பார்க்கறது? கேட்டா சொல்லுவாங்களா?

சொல்லியே ஆக வேண்டும். சூப்பரின்டென்டென்ட்டின் ஒப்பந்தம் பொது ஆவணம். பல டிஸ்ட்ரிக்ட்டுகள் இணையதளத்திலேயே வைத்திருக்கின்றன. இல்லையென்றால், அதை அங்கீகரித்த போர்டு மீட்டிங்கின் நிகழ்ச்சி நிரலோடு இணைத்திருப்பார்கள்.

இன்னொரு வழி, மாநிலக் கன்ட்ரோலர் அலுவலகம் நடத்தும் அரசு ஊதிய இணையதளம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் உள்ள பெல் என்ற சின்ன நகரத்தின் நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கியது 2010இல் வெளியே வந்தது. 40,000 பேர்கூட இல்லாத, ஏழை உழைப்பாளிகள் நிறைந்த ஊர் அது. அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் இந்தத் தளம். ஆனால் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டுகள் அதற்குக் கட்டாயம் விவரம் தர வேண்டியதில்லை, எனவே உங்கள் டிஸ்ட்ரிக்ட் அதில் இல்லாமல் போகலாம். டிரான்ஸ்பேரன்ட் கலிபோர்னியா என்ற தனியார் தளம் பொது ஆவணச் சட்டத்தின் வழியாக விவரங்களை வாங்கிப் போடுகிறது. இரண்டையும் பாருங்கள், ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

வெப்சைட்ல 3,80,000னு இருக்கு, டிஸ்ட்ரிக்ட் 3,00,000தான்னு சொல்றாங்க. யார் சொல்றது உண்மை?

பெரும்பாலும் இரண்டுமே. இணையதளத்தில் உள்ள 'மொத்த ஊதியமும் சலுகைகளும்' என்ற கட்டத்தில், டிஸ்ட்ரிக்ட் ஓய்வூதிய நிதிக்குக் கட்டும் தொகையும் சேர்ந்திருக்கும். ஆசிரியர் ஓய்வூதிய நிதியான கால்ஸ்டர்ஸுக்கு டிஸ்ட்ரிக்ட் கட்டும் பங்கு சில ஆண்டுகளாகச் சம்பளத்தில் 19.1 சதவீதம். 3,00,000 சம்பளம் என்றால் அதுவே 57,300 ஆகிவிடும். மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்தால் 3,80,000 பக்கம் வந்துவிடும். இதே 19.1 சதவீதம்தான் உங்கள் பிள்ளையின் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கும். அந்த வேலைக்கு அவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசு ஓய்வூதியமும் கிடையாது.

எனவே மொத்தத் தொகையைப் பார்த்துக் கொதித்துப்போய் மீட்டிங்கில் பேசினால், ஒரே வரியில் மடக்கிவிடுவார்கள். அடிப்படைச் சம்பளம், கூடுதல் படிகள், டிஸ்ட்ரிக்ட்டின் பங்களிப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். கேள்வி கேட்க வேண்டிய விஷயம் பெரும்பாலும் நடுவில் உள்ள படிகளில்தான் இருக்கும்.

சம்பளத்தைத் தவிர அப்படி என்னதான் கிடைக்கும்?

கார் படி, செல்போன் படி, முனைவர் பட்டத்துக்குத் தனித் தொகை, குறிப்பிட்ட ஆண்டுகள் நிலைத்தால் ஊக்கத்தொகை, எடுக்காத விடுப்பைப் பணமாக்குவது, டிஸ்ட்ரிக்ட் பணத்திலேயே தனி ஓய்வுக்கால சேமிப்பு, ஊர் மாறி வரும் செலவு, ஆயுள் காப்பீடு, ஓய்வுக்குப் பிறகும் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. மாதம் 800 டாலர் கார் படி என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இவை பல பக்கங்களில், பல உட்பிரிவுகளில் பரவிக் கிடக்கும். கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை என்ற தைரியத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தங்களும் உண்டு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்குத் தெற்கே ஹாதார்ன், லான்டேல் ஊர்களுக்கான சென்டினெலா வேலி உயர்நிலைப்பள்ளி டிஸ்ட்ரிக்ட். சில ஆயிரம் மாணவர்களே உள்ள, வசதி குறைந்த, திவாலாகும் விளிம்பிலிருந்து தப்பி வந்த இடம். அதன் சூப்பரின்டென்டென்ட்டுக்கு அடிப்படைச் சம்பளம் ஏறத்தாழ 2,71,000 டாலர். ஆனால் 2013இல் அவர் பெற்ற மொத்தம் 6,63,000 டாலரைத் தாண்டியது. ஒப்பந்தத்தில் வேலை நாட்களைக் குறைவாக எழுதி, அதற்கு மேல் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் கூடுதல் பணம். ஓய்வூதியக் கணக்கில் கூடுதல் பணிக்காலத்தை விலைக்கு வாங்கும் செலவும் டிஸ்ட்ரிக்ட் தலையில். இவையெல்லாம் போக, வீடு வாங்க டிஸ்ட்ரிக்ட்டே 9,10,000 டாலர் கடன் கொடுத்தது, 2 சதவீத வட்டிக்கு, 40 ஆண்டுத் தவணையில். டெய்லி ப்ரீஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகை 2014இல் இதை வெளியே கொண்டுவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அவர் வேலையிழந்தார், 2017இல் குற்ற வழக்கும் வந்தது.

இதில் என்னை வருத்துவது, அந்த ஒப்பந்தத்தை யாரும் பூட்டிவைக்கவில்லை என்பதுதான். போர்டு வாக்களித்துத்தான் நிறைவேற்றியது. ஒரு பெற்றோர் உட்கார்ந்து உட்பிரிவுகளைப் படித்திருந்தால் ஐந்து வருடம் முன்பே கேட்டிருக்கலாம்.

சூப்பரின்டென்டென்ட் சம்பளத்தைக் குறைச்சா எத்தனை டீச்சரைக் காப்பாத்தலாம்?

ஒருவரைக்கூட முழுதாகக் காப்பாற்ற முடியாது என்பதே பல இடங்களில் பதில். 3,50,000 டாலரில் 10 சதவீதம் வெட்டினால் 35,000. ஓர் ஆசிரியருக்குச் சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் சேர்த்து டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஆகும் செலவு சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் எளிதாக ஒரு லட்சத்தைத் தாண்டும். பெரிய டிஸ்ட்ரிக்ட் என்றால் விகிதம் இன்னும் சிறிது. லாஸ் ஏஞ்சலஸ் யூனிஃபைடுக்கு 2022இல் வந்த சூப்பரின்டென்டென்ட்டின் சம்பளம் 4,40,000 டாலர். 2025-26க்கான அந்த டிஸ்ட்ரிக்ட்டின் பட்ஜெட் 1,880 கோடி டாலர். பட்ஜெட்டின் ஒவ்வொரு லட்சம் டாலரிலும் அவர் சம்பளம் இரண்டரை டாலருக்கும் குறைவு.

சின்ன டிஸ்ட்ரிக்ட்டில் கணக்கு மாறும். 600 பிள்ளைகள், 1 கோடி டாலர் பட்ஜெட் உள்ள இடத்தில் 2,50,000 டாலர் சம்பளம் என்றால் அது 2.5 சதவீதம். அங்கே ஒரே சூப்பரின்டென்டென்ட்டை இரண்டு சிறு டிஸ்ட்ரிக்ட்டுகள் பகிர்ந்துகொள்ளலாமா, அவரே பிரின்சிபலாகவும் இருக்கலாமா என்பதெல்லாம் நியாயமான கேள்வி.

அப்போ இதைப் பத்திப் பேசறதே வேஸ்ட்டுன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்லை. முந்தின பதிலில் சொன்னது பற்றாக்குறையின் கணக்கு. இங்கே கேள்வி வேறு. ஒரு டிஸ்ட்ரிக்ட்டின் செலவில் 80 சதவீதத்துக்கும் மேல் சம்பளமும் சலுகைகளும்தான். வெட்டு என்றால் அது மனிதர்களின் வேலைமீதுதான் விழும். நூலகரை அனுப்புகிறோம், கவுன்சலரை அனுப்புகிறோம், வகுப்பில் 32 பேர் உட்காருங்கள் என்று சொல்லும் நிர்வாகம், அதே மாதத்தில் தன் சம்பளத்தைக் கூட்டிக்கொண்டால் அடுத்து அது சொல்லும் எந்தக் கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு ஒவ்வொரு மனைக்கும் விதிக்கும் கூடுதல் வரியான பார்சல் டாக்ஸுக்கு வாக்குக் கேட்டு வரும்போது, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்படும் இடத்தில், அந்த அவநம்பிக்கையே தோற்கடிக்கும். நஷ்டம் பிள்ளைகளுக்கு.

வெட்டு வரும் வருடத்தில் முதல் வெட்டு மேலே விழ வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆசிரியர்களுக்குச் சம்பளமில்லா நாட்கள் என்றால் சூப்பரின்டென்டென்ட்டும் அவருடைய உதவியாளர்களும் அதைவிட ஒரு நாளாவது கூடுதலாக ஏற்க வேண்டும். 2008க்குப் பிந்தைய நெருக்கடியில் பல டிஸ்ட்ரிக்ட் தலைவர்கள் தாங்களாகவே அப்படி விட்டுக்கொடுத்தார்கள். எனவே இது நடக்காத காரியம் இல்லை.

டீச்சர்ஸ் யூனியனுக்கு 5% குடுத்தா, அவருக்கும் தானாவே 5% ஏறிடுமாமே?

ஆமாம், ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இருந்தால். ஆசிரியர்களுக்கு எவ்வளவு சதவீதமோ அதுவே எனக்கும் என்று எழுதிக்கொள்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் இரண்டு சிக்கல். 80,000 டாலரில் 5 சதவீதம் 4,000. 3,50,000 டாலரில் 17,500. சதவீதம் சமம், இடைவெளியோ வருடாவருடம் விரிகிறது. இரண்டாவது, யூனியனோடு பேரம் பேசும் நிர்வாகத்தின் சொந்தச் சம்பளமும் அந்தப் பேரத்தின் முடிவில் தொங்குகிறது. அதை போர்டு ஏற்கக் கூடாது என்பேன்.

சட்டம் இதில் ஒரு தடை வைத்திருக்கிறது. பெல் நகர விவகாரத்துக்குப் பின் 2011இல் வந்த ஏபி 1344, ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும்போது விலைவாசிக்கு மேல் சம்பளம் ஏறும்படி எழுதுவதைத் தடுக்கிறது. ஒப்பந்தக் காலத்துக்கு உள்ளேயே ஏறும் உயர்வுகளை அது தொடாது, அதனால்தான் இந்தப் பிரிவைத் தேடிப் படிக்கச் சொல்கிறேன்.

ஒரு பக்கம் டீச்சரை அனுப்பறாங்க, இன்னொரு பக்கம் புது ஸ்டேடியம் கட்டறாங்க. இது கொள்ளை இல்லையா?

இல்லை. அது பாண்ட் பணம், அதாவது கட்டடங்களுக்காக வாக்காளர் அனுமதியோடு வாங்கும் கடன். 55 சதவீத வாக்கில் நிறைவேறும் பள்ளிக் கட்டட பாண்டுகளின் பணத்தை ஆசிரியர், நிர்வாகிகள் சம்பளத்துக்குத் தொடக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 39 மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. மேற்பார்வைக்குப் பொதுமக்கள் குழுவும் கட்டாயம். அந்தக் குழுக்களில் பெரும்பாலும் இடம் காலியாகவே கிடக்கும், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம்.

டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல டைரக்டர், கோஆர்டினேட்டர்னு ஏகப்பட்ட பேர் இருக்காங்களே? அதுக்குக் கட்டுப்பாடே இல்லையா?

சூப்பரின்டென்டென்ட் ஒருவரின் சம்பளத்தைவிட இதுதான் பெரிய பணம், நல்ல கேள்வி. யூனிஃபைடு டிஸ்ட்ரிக்ட்டில் (தொடக்கப்பள்ளி முதல் உயர்நிலைப்பள்ளி வரை எல்லாம் நடத்துவது) 100 ஆசிரியர்களுக்கு 8 நிர்வாகிகளுக்கு மேல் கூடாது, தொடக்கப்பள்ளி டிஸ்ட்ரிக்ட்டில் 9, உயர்நிலை டிஸ்ட்ரிக்ட்டில் 7 என்று கல்விச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நடப்புச் செலவில் யூனிஃபைடு டிஸ்ட்ரிக்ட் 55 சதவீதத்தையாவது வகுப்பறை ஆசிரியர், உதவியாளர் சம்பளத்துக்குச் செலவிட வேண்டும் என்றும் உண்டு. ஐந்து ஆண்டில் பிள்ளைகள் எவ்வளவு குறைந்தார்கள், டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் பதவிகள் எவ்வளவு குறைந்தன என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

ஆனால் ஒரு நுணுக்கம். ஆசிரியராக நிரந்தரப் பணி பெற்றிருந்த நிர்வாகியின் பதவியை ஒழித்தால் அவர் வகுப்பறைக்குத் திரும்பும் உரிமை உள்ளவர். லே-ஆஃப் பணிமூப்பு வரிசையில் போவதால், அவர் வந்தால் கடைசியாகச் சேர்ந்த இளம் ஆசிரியர் வெளியே போக நேரிடலாம். எனவே எந்தப் பதவி, யார் என்பதைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் வெட்டச் சொல்லக் கூடாது.

போர்டு மெம்பர்களும் சம்பளம் வாங்கறாங்களா?

பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளில் மாதம் ஒரு சிறு மதிப்பூதியம்தான், அதற்கும் பிள்ளைகளின் வருகைக் கணக்குப்படி சட்டத்தில் வரம்பு உண்டு. லாஸ் ஏஞ்சலஸ் விதிவிலக்கு. வேறு வேலை இல்லாத போர்டு உறுப்பினருக்கு 2017இல் 1,25,000 டாலராக உயர்த்தினார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மருத்துவக் காப்பீட்டை. ஊழியர்களுக்கு உள்ள அதே காப்பீட்டை உறுப்பினர்களும் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. குடும்பக் காப்பீடு என்றால் அதன் மதிப்பு மதிப்பூதியத்தைவிடப் பெரிதாக இருக்கலாம்.

நடுவுல ஒப்பந்தத்தை மாத்தி சம்பளத்தைக் குறைக்க போர்டால முடியாதா? ஆளையே மாத்தினா?

அவர் சம்மதிக்காமல் குறைக்க முடியாது. அனுப்பலாம், ஆனால் காரணம் நிரூபிக்காமல் அனுப்பினால் மீதி ஒப்பந்தத்துக்குப் பணம் தர வேண்டிவரும். முன்பு அதற்கு 18 மாதச் சம்பளம் வரை அனுமதி இருந்தது. 2016 முதல் போடப்படும் சூப்பரின்டென்டென்ட் ஒப்பந்தங்களில் 12 மாதத்துக்கு மேல் கூடாது. மீதிக்காலம் அதைவிடக் குறைவானால் அவ்வளவுதான். பழையவருக்கு ஒரு வருடச் சம்பளம், இடைக்கால ஆளுக்குச் சம்பளம், புது ஆளைத் தேடும் நிறுவனத்துக்குக் கட்டணம் என்று ஒரே நாற்காலிக்கு மூன்று செலவு வரும்.

கையெழுத்து ஆன பிறகு போர்டின் கை கட்டப்பட்டுவிடுகிறது. எனவே கேள்வி கேட்க நேரம் என்று ஒன்று இருந்தால் அது கையெழுத்துக்கு முந்தின வாரம்தான்.

பேசாம கவர்னர் சம்பளத்துக்கு மேல யாருக்கும் கிடையாதுன்னு சட்டம் போட்டுட்டா?

நியூ ஜெர்சியில் செய்து பார்த்தார்கள். 2011இல் அன்றைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளில் தன் சம்பளமான 1,75,000 டாலரைத் தாண்டாதபடி உச்சவரம்பு வைத்தார். அனுபவமுள்ள பலர் ஓய்வு பெற்றார்கள் அல்லது எல்லை தாண்டி நியூயார்க்குக்கும் பென்சில்வேனியாவுக்கும் போனார்கள். சில இடங்களில் துணை அதிகாரி தலைவரைவிட அதிகம் வாங்கும் நிலையும் வந்தது. 2019இல் ஆளுநர் ஃபில் மர்ஃபி காலத்தில் வரம்பை நீக்கிவிட்டார்கள். உச்சவரம்பைவிட வெளிப்படையான ஒப்பந்தமே பலன் தரும் என்று நினைக்கிறேன். படிகளை அந்த வரம்பு முழுதாகத் தடுத்ததும் இல்லை.

சரி, போர்டு மீட்டிங்ல எப்பப் போய்ப் பேசணும்? போனா பிரயோஜனம் இருக்கா?

வழக்கமான மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும் என்பது, பொது அமைப்புகளின் கூட்டங்களை வெளிப்படையாக நடத்தச் சொல்லும் ப்ரௌன் சட்டம். 24 மணி நேர அறிவிப்பில் கூடும் சிறப்பு மீட்டிங்கில் உயர் அதிகாரிகளின் சம்பளத்தை எடுக்கவே கூடாது, அதுவும் ஏபி 1344இன் வேலை. வாக்கெடுப்புக்கு முன் சம்பளம், படிகளின் சுருக்கத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற விதி 2017 முதல் உண்டு. எனவே ஒளித்து நிறைவேற்றுவது கடினம். வெள்ளிக்கிழமை மாலை நிரல் வெளியாகும் ஊர்களில் சனி ஞாயிறு முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

மே, ஜூன் மாதங்களைக் குறிவையுங்கள். சூப்பரின்டென்டென்ட்டின் ஆண்டு மதிப்பீடும் ஒப்பந்த நீட்டிப்பும் பெரும்பாலும் அப்போதுதான் வரும், ஜூலை 1க்குள் பட்ஜெட்டும் நிறைவேற வேண்டும். மார்ச்சில் ஆசிரியர்களுக்காகத் திரளும் கூட்டம் ஜூனில் இருப்பதில்லை. பேசும்போது திட்டாதீர்கள். "பக்கம் 6இல் உள்ள இந்தப் படிக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், இதை இந்த வருடம் நிறுத்திவைப்பீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டால், அது பதிவாகும்.

நான் ஹெச்-1பில இருக்கேன், ஓட்டு கிடையாது. பேசினா பிரச்சினை வருமா? எங்க அம்மாவும் பேசணும்ங்கறாங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் வராது.

பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. பொதுமக்களில் யாரும் பேசலாம். மீட்டிங்குக்குள் வரப் பெயர் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் மீட்டிங் பதிவு இணையத்தில் ஏறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேடை ஏற மனம் இல்லையென்றால் போர்டுக்கு மின்னஞ்சல் அனுப்பலாம், அதுவும் பதிவுதான்.

அம்மா தமிழிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுபவருக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று ப்ரௌன் சட்டத்திலேயே இருக்கிறது. மற்றவர்களுக்கு 2 நிமிடம் என்றால் அவருக்கு 4.

ஒப்பந்தத்தைக் கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்லை. அடுத்து என்ன?

"பொது ஆவணச் சட்டத்தின்படி கேட்கிறேன்" என்ற வரியோடு எழுதினீர்களா என்று பாருங்கள். அப்படி எழுதினால் ஆவணம் தர முடியுமா முடியாதா என்பதை 10 நாளுக்குள் சொல்ல வேண்டும். தேடிய நேரத்துக்குக் காசு கேட்க முடியாது, நகல் எடுக்கும் நேரடிச் செலவு மட்டும். 'சூப்பரின்டென்டென்ட் பற்றிய எல்லாம்' என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். நடப்பு ஒப்பந்தம், அதன் எல்லாத் திருத்தங்கள், கடந்த 2 ஆண்டுகளில் அவருக்குக் கொடுத்த படிகளும் திருப்பிக் கொடுத்த செலவுகளும் என்று மூன்றை மட்டும் கேளுங்கள். திருத்தங்களை விட்டுவிடாதீர்கள். முதல் ஒப்பந்தத்தில் இல்லாத பல சலுகைகள் பின்னால் ஒரு பக்கத் திருத்தமாகத்தான் உள்ளே வருகின்றன.

அப்படியும் பதில் வராவிட்டால், அதே கோரிக்கையை போர்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் நகல் வைத்து மறுபடி அனுப்புங்கள், அடுத்த மீட்டிங்கில் கோரிக்கை அனுப்பிய தேதியைச் சொல்லி மைக்கில் கேளுங்கள். கடைசி வழி நீதிமன்றம். அங்கே ஜெயித்தால் உங்கள் வக்கீல் செலவையும் டிஸ்ட்ரிக்ட்தான் கட்ட வேண்டும் என்பது அவர்களுடைய வக்கீலுக்கு நன்றாகத் தெரியும்.